டோக்கன் போட்டாச்சு

ஜூன் 3, செவ்வாய்

இன்று நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். மூன்று பேர் பேசினில், ஒருவர் என் காலில். காதுக்குள் முதலில் வெந்நீரும் பிறகு குளிர்ந்த நீரும் விட்டு, கண் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பது என் வேலை. நான்கு வருடம் படித்தது இதற்குத்தான். ஊரில் அம்மா "எங்க பியூலா காது டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் டாக்டர் இல்லை. ஒரு கறுப்புக் கண்ணாடியை நோயாளியின் முகத்தில் மாட்டி, அதற்குள் இருக்கும் கேமரா காட்டும் கண்ணைத் திரையில் பார்க்கிறவள்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையோடு வருகிறார்கள்: மயக்கம். நினைவு தப்பினாலும் மயக்கம், உலகம் சுற்றினாலும் மயக்கம், கால் தடுமாறினாலும் மயக்கம், சாப்பிடாமல் வந்தாலும் மயக்கம். எந்த மயக்கம் என்று பிரிப்பதற்குள் எனக்கு மயக்கம் வந்துவிடுகிறது.

டாக்டர் சக்கரபாணி வரவேற்பறையில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார். "கண் பொய் சொல்லாது." பக்கத்தில் அவர் படம். கைகளைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார்.

ஜூன் 5, வியாழன்

எங்கள் கிளினிக்கில் மருத்துவ முகாம். நூல் மில்லின் வேனில் பதினான்கு பெண்கள் வந்தார்கள். திண்டுக்கல்லுக்கு வெளியே நாற்பது நிமிடத் தூரத்தில் மில். பெண்கள் அங்கேயே விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். கூட வந்த வார்டன் பெயர் லோகம்மாள். கையில் ஒரு நோட்டு, வாயில் ஓயாத ஏச்சு. பெண்களை வரிசையில் உட்காரவைத்துவிட்டு, கழிப்பறைக்குப் போவதற்குக்கூடத் தன்னிடம் கேட்கச் சொன்னாள். மில்லின் பெயர் போட்ட துணிப் பலகைக்கு முன்னால் டாக்டர் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

ஒரு பெண் மட்டும் தலைசுற்றல் என்று என்னிடம் அனுப்பப்பட்டாள். முத்துப்பேச்சி, பத்தொன்பது வயது, சங்கரன்கோவில் பக்கம். ஓடுகிற இயந்திரத்தின் அருகே கடந்த ஒரு மாதத்தில் இரண்டு முறை விழுந்திருக்கிறாள். விழுந்தவுடன் மில்லில் அவளுக்கு முதலில் செய்தது சிறுநீர்ச் சோதனை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு மயக்கம் என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். அது இல்லை என்று ஆனபிறகு நடிப்பு என்று முடிவுகட்டி இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

"மாத்திரை எதுவும் சாப்பிடுறியா?"

"மாத்திரையா? இல்லக்கா."

அவள் சீட்டில் வரிசை எண் இல்லை. "டோக்கன் போட்டாச்சா?" என்று கேட்டேன்.

"காலைலயே போட்டாச்சுக்கா. போடாம எங்க விடுதாவ."

வேனில் ஏறும்போதே வார்டன் வரிசை எண் கொடுத்திருப்பாள் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டினேன். நேரே பார், இடது, வலது, ஓடும் புள்ளியைப் பின்தொடர். தலையைத் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் திருப்பினேன். கண் அசையவில்லை. தண்ணீர் விட்டேன். இரண்டு காதுக்கும் வித்தியாசம் இல்லை என்று கணினி சொன்னது. இயல்பு என்று எழுதினேன்.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "நடிப்பு. வேலைக்குத் தகுதி" என்று எழுதினார். லோகம்மாளுக்கு ஒரே சந்தோஷம். "நாஞ் சொன்னேன்ல சார். வேலைக்கு வளைய மாட்டேங்குதுக. கீழ விழுந்தா ஒரு நாள் படுக்கலாம்ல."

முத்துப்பேச்சி என்னிடம் வந்தாள். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையாக்கா?"

"இல்லை."

"பின்ன ஏங்க்கா சுத்துது?"

அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

மெஸ் சாம்பாரில் முடி. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன். எல்லாவற்றுக்கும் பழகிவிடுகிறோம், அதுதான் அருவருப்பு.

ஜூன் 9, திங்கள்

இன்று இரண்டு பேரைப் பற்றி எழுத வேண்டும்.

காலையில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர். படுக்கையில் புரண்டால் வீடே சுற்றுகிறது என்றார். தலையை வலப்பக்கம் தொங்கவிட்டேன். நான்கு நொடி ஒன்றும் இல்லை. பிறகு கண் சக்கரம்போல் சுழல ஆரம்பித்தது. அரை நிமிடம் சுழன்று, தானாக அடங்கியது. பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே. உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறிக் குழாய்க்குள் விழுந்துவிட்டால் இப்படி. டாக்டர் வந்து அவர் தலையை நாலு திருப்புத் திருப்பி, துகளைப் பழைய இடத்துக்கு அனுப்பினார். ஐந்து நிமிடம். தாசில்தார் எழுந்து நடந்தார். குடும்பமே டாக்டரைக் கும்பிட்டது.

மதியம் ஒரு வங்கி அதிகாரியின் மனைவி. அவருக்கும் சுற்றல்தான். ஆனால் தலையைத் தொங்கவிட்டவுடனே கண் ஓடியது, காத்திருக்கவில்லை. மெதுவாக ஓடியது, அடங்கவும் இல்லை. மறுபக்கம் திருப்பினால் திசை மாற்றி ஓடியது. வெளிச்சம் குத்துகிறது, சத்தம் தாங்கவில்லை, ஒரு பக்கம் தலை விண் விண் என்று தெறிக்கிறது. இது காது இல்லை. ஒற்றைத் தலைவலியால் வருகிற சுற்றல். தலையைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. டாக்டர் அந்த அம்மாளோடு அரை மணி நேரம் பேசினார். தினமும் ஒரே நேரத்தில் தூங்குங்கள், பசியோடு இருக்காதீர்கள், சத்தமான இடத்துக்குப் போகாதீர்கள், பத்து நாள் எந்த வேலையும் வேண்டாம், வேலைக்காரியிடம் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு நல்ல வைத்தியம். வேலைக்காரிக்குச் சுற்றினால் யாரிடம் விடுவாள் என்று கேட்க வாய்வரை வந்தது. கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

மறுபடி முகாம். இந்த முறை தலைசுற்றல் என்று ஐந்து பெண்கள். ஐந்து பேருக்கும் கண் பொம்மைக் கண்போல் நின்றது. நாலாவது பெண்ணுக்குத் தண்ணீர் விடும்போதுதான் எனக்கு உறைத்தது. காதில் வெந்நீர் விட்டால் ஒரு நோயும் இல்லாத என் கண்கூட ஓடும். ஓட வேண்டும். அதுதான் சோதனை. இவள் கண் இரண்டு காதிலும் ஒரே அளவு, அதாவது ஏறக்குறைய அசையாமல் இருந்தது. கணினி இரண்டு காதையும் ஒப்பிட்டு வித்தியாசம் பூஜ்யம் என்று சொல்லும். இரண்டும் செத்திருந்தாலும் பூஜ்யம்தான்.

அவள் பெயர் சந்தனமாரி. முத்துப்பேச்சியின் அறைத்தோழி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உண்மையைச் சொல், என்ன மாத்திரை சாப்பிடுறே?" என்று கேட்டேன்.

"மாத்திரல்லாம் இல்லக்கா. டோக்கன் மட்டுந்தான்."

"எந்த டோக்கன்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். துப்பட்டா நுனியில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் காட்டினாள். சின்ன வெள்ளை மாத்திரை, பாதி கரைந்திருந்தது. "காலைல வாசல்ல வார்டனம்மா குடுக்கும். முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டணும். காட்டுனாத்தான் உள்ள விடும். அதான் டோக்கன். சிலநாளு நாக்குக்கு அடில வச்சுட்டு வந்து துப்பிருவேன். தூக்கமா வருது பாத்துக்கிடுங்க."

தலைசுற்றலை அமுக்குகிற மாத்திரை. மூளையை மந்தமாக்கி, சுற்றுவது தெரியாமல் நிற்கவைக்கும். கண்ணையும் நிறுத்திவிடும். சோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று எங்கள் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. நாங்கள் கேட்டது மாத்திரையை. அவர்கள் விழுங்கியது டோக்கனை.

காலையிலேயே போட்டாச்சு என்று முத்துப்பேச்சி சொன்னாள். நான் கேட்டேன், அவள் பதில் சொன்னாள். அது சட்டென்று யாருக்கும் விளங்கியிருக்காது.

சந்தனமாரியிடம் ரகசியமாகச் சொன்னேன்: "முத்துப்பேச்சியை செவ்வாய்க்கிழமையிலிருந்து டோக்கனைத் துப்பிடச் சொல். அடுத்த வியாழன் எப்படியாவது வேனில் வரச் சொல்."

"அவளா? அவ அப்புராணில்லா. முழுங்கச் சொன்னா முழுங்கிருவா. சரி, சொல்லுதேன்."

ஜூன் 13, வெள்ளி

டாக்டரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தலைசுத்தலுக்கு மாத்திரை குடுத்திருக்காங்க. விஷமா குடுத்தாங்க?"

"எல்லாருக்கும் குடுக்கறாங்க சார். சுத்தாதவங்களுக்கும். போன வாரம் நம்ம குடுத்த ரிப்போர்ட் தப்பு."

"நம்ம இல்ல. டெஸ்ட் பண்ணினது யாரு?"

இயல்பு என்று எழுதியது என் கைதான்.

"பியூலா, நீ மெஷினைப் பாரு. மில்லை நான் பார்த்துக்கறேன்" என்றார். அப்புறம் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஒன்று எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். குழாயில் தண்ணீர் பதினொரு மணிக்கு நின்றுவிட்டது. பாதித் துணி சோப்போடு கிடக்கிறது. அம்மா போன் செய்து, வேலை எப்படிப் போகிறது என்றாள். நல்லா போகுது என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

முத்துப்பேச்சி இன்று துப்பியிருப்பாள்.

ஜூன் 18, புதன்

நாள் முழுக்க யார்மீதாவது எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். பெருக்க வந்த அக்காவிடம் பேசின் சரியாகக் கழுவவில்லை என்று சண்டை. கழுவித்தான் இருந்தது.

மாத்திரையை நிறுத்தினால் அடங்கியிருந்த சுற்றல் திரும்ப வரும். அதற்காகத்தானே நிறுத்தச் சொல்கிறோம். அந்த இரண்டு நாள் நோயாளி வீட்டில் படுத்திருப்பார், கூட ஒருவர் இருப்பார். முத்துப்பேச்சிக்குப் படுக்க யார் இடம் கொடுப்பார்கள்? இயந்திரத்தருகே நிற்காதே என்றும் சொல்லச் சொன்னேனா? சந்தனமாரியிடம் அதையும் சொன்னதாகத்தான் நினைவு. சொல்லியிருப்பேன். இவ்வளவு படித்தவள் அதைச் சொல்லாமல் விட்டிருக்க மாட்டேன்.

ஜூன் 19, வியாழன்

முத்துப்பேச்சியை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து வேனிலிருந்து இறக்கினார்கள். துப்பட்டாவால் கண்ணை மூடியிருந்தாள். வெளிச்சம் அவளுக்கு ஆகவில்லை. வழியில் மூன்று முறை வாந்தி எடுத்ததாக லோகம்மாள் குறைப்பட்டுக்கொண்டாள். "வண்டியப் பூரா நாறடிச்சுட்டா."

இடது கையில் துணி சுற்றியிருந்தது. ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"கையில் என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. நேத்து சுத்துச்சா, பிடிமானத்துக்குக் கைய வச்சேன். மிஷின் கீறிருச்சு. வெரல்லாம் இருக்கு."

விரல்கள் எல்லாம் இருந்தன. நான் எண்ணினேன். டோக்கனைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கண்ணாடியை மாட்டினேன். இருட்டில் அவள் கண் திரை நிறைய வந்தது. நேராக உட்கார்ந்திருக்கும்போதே மெல்ல ஓடியது. தலையைத் தொங்கவிட்டேன். காத்திருக்கவில்லை, உடனே ஓடியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அடங்கவில்லை. மறுபக்கம் திருப்பினேன். திசை மாற்றி ஓடியது. தலையைச் சட்டென்று வெட்டித் திருப்பினாலும் பார்வை இலக்கைவிட்டு வழுக்கவில்லை. காது பிழைத்திருக்கிறது. தண்ணீர் விட்டேன், இரண்டு காதும் துடிப்பாக வேலை செய்தன. கண்ணாடியைக் கழற்றிக் கேள்வி கேட்டேன். தலைவலி? இடது பக்கம், பத்து நாளைக்கு ஒருதரம். எப்போது தூங்குகிறாய்? ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி, மூன்றாவது வாரம் எப்போது கூப்பிடுகிறார்களோ அப்போது. காலையில் சாப்பிடுகிறாயா? வரிசையில் நின்றால் நேரமாகிவிடும், அதனால் இல்லை.

வங்கி அதிகாரியின் மனைவிக்கு வந்த அதே நோய். அதே ஓட்டம். வேறு கண்.

டாக்டரைக் கூப்பிட்டேன். திரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், அரை நொடியில் தெரிந்துவிட்டது. என்னை வெளியே அழைத்துவந்தார்.

"காதுன்னு எழுது."

"காது இல்ல சார்."

"தெரியும்மா. காதுன்னா என்ன? தலையைத் திருப்பினோம், சரியாப் போச்சு, வேலைக்குப் போ. நீ சொல்றதை எழுதினா என்ன எழுதணும்? ஷிஃப்ட் மாத்தாதே, நேரத்துக்குச் சோறு போடு, சத்தத்துல நிக்கவைக்காதே. நூல் மில்லுல. அவன் என்ன பண்ணுவான்? அவளை வீட்டுக்கு அனுப்புவான். யாருக்கு நல்லது?"

இந்த மனிதருக்கு எல்லாம் தெரிகிறது. தெரியாமல் செய்தால் மன்னிக்கலாம்.

உள்ளே வந்தேன். முத்துப்பேச்சி எழுந்து உட்கார்ந்திருந்தாள். கதவு மெல்லிய பலகை, எல்லாம் கேட்டிருக்கிறது.

"அக்கா, காதுன்னே எழுதிருங்கக்கா."

"உனக்குக் காதில் ஒன்றும் இல்லை."

"அது எனக்கும் ஒங்களுக்கும் தெரிஞ்சாப் போதும். காதுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. தலைன்னு எழுதிட்டீங்கன்னா, தலைல கோளாறு உள்ள புள்ளைன்னு ஊர் பூரா சொல்லிருவாவ. எவன் கட்டுவான்? இங்கயும் நிக்க விட மாட்டாவ."

"மறுபடி விழுந்தால்?"

"பாத்து நின்னுக்கிடுதேன்."

"டோக்கன் போட்டுக்கிட்டா?"

அவள் கண் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரை இல்லாமலே தெரிந்தது. கட்டிலின் விளிம்பை அடிபட்ட கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் உண்மையை எழுதினேன். ஒற்றைத் தலைவலி சார்ந்த தலைசுற்றல். உள்காது இயல்பு. சீரான தூக்கம், வேளைக்கு உணவு, இயந்திரப் பணி கூடாது, தலைசுற்றலை அமுக்கும் மாத்திரை தினசரி கூடாது. முந்தைய அறிக்கை மாத்திரையின் தாக்கத்தில் எடுக்கப்பட்டதால் செல்லாது. ஆங்கிலத்தில் ஐந்து வரி. மற்ற பத்து அறிக்கைகளுக்கு நடுவில் வைத்தேன். வேன் கிளம்ப அவசரப்பட்டது. டாக்டர் படிக்காமல் பதினொன்றிலும் கையெழுத்துப் போட்டார். லோகம்மாள் ஆங்கிலம் படிக்க மாட்டாள். உறையில் போட்டு மில்லுக்கு எடுத்துப்போனாள்.

முத்துப்பேச்சி வேனிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். காது என்று எழுதியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூன் 20, வெள்ளி

நான் சரியாகத்தான் செய்தேன்.

ஜூன் 23, திங்கள்

மில்லிலிருந்து டாக்டருக்குப் போன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் குழைந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டைத் தப்புன்னு சொன்னா எனக்குத்தான் அசிங்கம். அதனால அது நிக்கட்டும். முகாம் இனிமே வேற ஆஸ்பத்திரிக்குப் போகுது. சந்தோஷமா?"

"அந்தப் பொண்ணு?"

"சனிக்கிழமையே பஸ் ஏத்திட்டாங்க. 'மருத்துவக் காரணம்.' உன் அஞ்சு வரியைத்தான் காரணமாக் காட்டியிருக்காங்க." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்குப் பதிலா ஆள் கிடைக்கிறவரைக்கும் இரு."

டோக்கன் நின்றதா என்று கேட்டேன். அவருக்கு அந்த வார்த்தை புரியவில்லை. வெளியே வரிசையில் நிற்கிறவர்களைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து, "இன்னைக்கு முப்பதோட நிறுத்தச் சொல்லிட்டேன்" என்றார்.

தொழிலாளர் துறைக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். மூன்று வரியில் நிற்கிறது. ஆதாரமாகக் கொடுக்க என்னிடம் இருப்பது, இயல்பு என்று நானே எழுதிய முதல் அறிக்கைதான்.

ஜூன் 28, சனி

மதியம் கிளினிக் போனுக்கு அழைப்பு. பியூலா அக்காவைக் கேட்கிறாள் ஒரு பெண் என்று வரவேற்பில் கூப்பிட்டார்கள்.

"நாந்தான்க்கா, முத்துப்பேச்சி."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எப்படி இருக்கே?"

"ஒரு வாரமா தூங்குதேன்க்கா. எங்கம்மை சோறு ஆக்கி எழுப்பிவிடுதா, திங்கேன், திரும்பத் தூங்குதேன். சுத்தவே இல்ல. கையும் காஞ்சிருச்சு."

கொஞ்ச நேரம் அந்த ஒரு வார்த்தையில் நின்றுகொண்டிருந்தேன். சுத்தவே இல்ல. மாத்திரை இல்லை, மந்திரம் இல்லை. தூங்கினாள், சாப்பிட்டாள்.

"காதுன்னு எழுதுவீங்கன்னு நெனைச்சேன்" என்றாள் பிறகு. குரலில் கோபம் இல்லை. "ஏசண்டு வந்து ஒரே சண்டை. மூணு வருசத்துக்குன்னு சொல்லித்தான கூட்டிட்டுப் போனேன், பாதில வந்து நின்னா மில்லுக்கு நா என்ன பதில் சொல்லன்னு கத்துதான். கடைசில எந் தங்கச்சிய அனுப்புதோம்னு எங்கய்யா பேசி முடிச்சுட்டாவ. திங்கக்கெழம போறா. எம் மிஷின்தான் அவளுக்கும்."

"அவளுக்கு என்ன வயது?"

"பதினேழு. சீட்டுல பதினெட்டுன்னு போட்டாச்சு. அதுக்கில்லக்கா, அவ கொஞ்சம் பயந்த புள்ள. நீங்க அந்தப் பக்கந்தான இருக்கீங்க, முகாமுக்கு வந்தா பாத்துக்கிடுங்க. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

முகாம் இனி இங்கே வராது என்று நான் சொல்லவில்லை. எங்கள் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு: குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா? ஒற்றைத் தலைவலிக்கு அதுதான் முக்கியமான கேள்வி. முத்துப்பேச்சியிடம் இரண்டு தடவையும் நான் அதைக் கேட்கவில்லை. இப்போது கேட்டேன்.

"உன் தங்கச்சிக்குத் தலைவலி வருமா?"

அந்தப் பக்கம் சிரித்தாள். "என்னக்கா கேக்கீங்க. எங்க ஆச்சிக்கு வரும், எங்கம்மைக்கு வரும், எனக்கு வரும், அவளுக்கும் வரும். எங்க வீட்டுப் பொம்பளையளுக்கு வராத நாளு எது? அதெல்லாம் ஒரு வியாதியாக்கா?"